அம்மாவின் வலது கண்

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து இன்றோடு 19 நாள். லேசரில் செய்தோம். போனில் விசாரிக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் "லேசர்தானே, கத்தியே படாது, மறுநாளே அடுப்படிக்குப் போயிடலாமே" என்கிறார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

லேசர் புரையைக் கரைத்துவிடுவதில்லை. நம் கண் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்தப் பையின் முன்பக்கத்தில் சுமார் 5 மி.மீ. அகலத்துக்கு வட்டமாக வெட்டிவிட்டு, உள்ளே இறுகிக் கிடக்கும் லென்ஸைத் துண்டு போட்டுக் கொடுப்பதுதான் லேசரின் வேலை. அப்புறம் எல்லாம் டாக்டர் கையில்தான். அல்ட்ராசவுண்ட் அதிர்வில் துண்டுகளைப் பொடித்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மடித்த செயற்கை லென்ஸை அதே பைக்குள் விட்டு விரிய வைக்கிறார். தையல் இல்லை, ஊசி இல்லை, மரத்துப்போக வெறும் சொட்டு மருந்துதான். "கண்ணு மேல கிண்ணத்தைக் கவுத்து அமுக்குன மாதிரி இருந்துச்சுப்பா, வலியெல்லாம் இல்ல" என்றார் அம்மா.

உண்மையான பாடு வீட்டுக்கு வந்த பிறகுதான். சொட்டு மருந்து முதல் வாரம் 6 வேளை, அப்புறம் வாரத்துக்கு ஒரு வேளை குறைத்துக்கொண்டே வந்து, மொத்தம் 6 வாரம். பாட்டிலைக் கிட்டே கொண்டுபோனதுமே அம்மா கண்ணை இறுக்கிக்கொள்வார், மருந்து கன்னத்தில் வழியும். கீழ் இமையை லேசாக இழுத்துப் பிடித்து, அவரை விட்டத்தைப் பார்க்கச் சொல்லி, அந்தக் குழியில் ஒரே ஒரு சொட்டு விடப் பழகுவதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிஷம் விட வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். தலைக்குக் குளிக்கக் கூடாது என்றதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்கு ஊற்றிக்கொள்கிறவர். மண் விழுந்த மாதிரி உறுத்தல் ஒரு வாரம் இருந்தது, தானாகவே அடங்கியது. ஆனால் வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பத்தாம் நாள் காலையில் கொடியில் அப்பாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார், அப்புறம் மறு கண்ணை. வலது கண்ணுக்கு வேட்டி பளிச்சென்று வெள்ளை, இடது கண்ணுக்குப் பழுப்பு. "இத்தனை வருஷமா இந்தக் கலர்லயா பாத்துக்கிட்டு இருந்தேன்?" என்று மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இடது கண் அடுத்த மாதம். அதற்கு லேசர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பிரான்சில் 5 பல்கலைக்கழக மருத்துவமனைகளில் லேசர் முறையையும் லேசர் இல்லாத வழக்கமான முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, பலனில் லேசர் மேல் என்று அதில் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டேன். அம்மா கண்ணுக்குச் சாதாரண பேக்கோவே (லேசர் இல்லாமல் அல்ட்ராசவுண்ட் அதிர்விலேயே லென்ஸைப் பொடித்து எடுப்பது) போதும் என்று அவரும் தயங்காமல் சொன்னார். மிச்சமாகும் பணத்தில் படிக்கிற கண்ணாடி வாங்க வேண்டும், தூரத்துக்கான லென்ஸ் வைத்ததால் பேப்பர் படிக்க அது வேண்டியிருக்கிறது.