வயசானால் வரும் என்றால், பெரியப்பாவுக்கு ஏன் வரவில்லை?

அப்பாவுக்குப் பார்க்கின்சன், அதாவது கை நடுங்கி உடல் இறுகும் மூளை நோய், என்று தெரிந்ததும், ஏன் வந்தது என்று மருத்துவரிடம் கேட்டேன். "வயசுதான் காரணம்" என்றார். அப்பாவைவிடப் பத்து வயது மூத்த பெரியப்பா இன்றும் கை நடுங்காமல் ஊசியில் நூல் கோர்க்கிறார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கிடைத்ததையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தேன்.

எந்தச் செல்கள் சாகின்றன என்பதில் குழப்பமில்லை. நடுமூளையில் கருப்பாக ஒரு பகுதி இருக்கிறது. அங்கேதான் உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். அவற்றுக்கு அநியாய வேலைப்பளு. ஒரே நியூரான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைப் பராமரிக்கிறது என்கிறது ஒரு மதிப்பீடு. போதாததற்கு, யாரும் தூண்டாமலே இடைவிடாமல் துடித்துக்கொண்டும் இருக்கும். இத்தனைக்கும் ஆற்றல் தர வேண்டியது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு. அது தடுமாறினால் இந்தச் செல்கள் தாங்குவதில்லை.

இதைக் காட்டிக்கொடுத்தது முதியவர்கள் அல்ல. 1982இல் கலிபோர்னியாவில் போலி ஹெராயின் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், சில நாள்களிலேயே உடல் இறுகி, அசையவும் பேசவும் முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற வேதிப்பொருள், மூளைக்குள் போய் வேறொரு நஞ்சாக மாறி, இந்த நியூரான்களின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கியிருந்தது. முதுமையே இல்லாமல் பார்க்கின்சன்!

அப்புறம், நோயோடு தொடர்புள்ள மரபணுக்கள். 1998இல் பார்க்கின், 2004இல் பிங்க்1 என்று கண்டுபிடித்தார்கள். பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றுவதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. இந்த மரபணுக்கள் பழுதானவர்களுக்கு நாற்பது வயதுக்கு முன்பேகூட நோய் வருகிறது.

நான் அதிகம் யோசித்தது 2006இல் வந்த முடிவைப் பற்றித்தான். அதே கருப்புப் பகுதியின் நியூரான்களில், வயது ஏற ஏற மைட்டோகாண்ட்ரியாவுக்கென்றே இருக்கும் டிஎன்ஏவின் துண்டுகள் காணாமல் போகின்றன. நோய் இல்லாத முதியவர்களிடமும் இதே கதைதான். அப்படியானால் பெரியப்பாவின் தலைக்குள்ளும் அது நடந்துகொண்டிருக்கும். வயது கையிருப்பைக் கரைக்கிறது, மீதியை மரபணுவோ பூச்சிக்கொல்லியோ நியூரான்களுக்குள் கட்டிகட்டியாகச் சேரும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதமோ முடிக்கிறது. நான் புரிந்துகொண்டது இவ்வளவு.

நியூரான்கள் மட்டும் கிழடாவதில்லை, அக்கம்பக்கத்துச் செல்களும்தான். பாராகுவாட் களைக்கொல்லி கொடுத்த எலிகளின் மூளையில் நியூரான்களுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் முதுமை நிலைக்குப் போய், அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கசியவிட்டன. அப்படிக் கிழடான செல்களை நீக்கியதும் பாதிப்பு குறைந்தது. 2018இல் வெளியான ஆய்வு இது. எலிதான், சரி. ஆனாலும் எனக்கு நம்பிக்கை தந்த முதல் செய்தி அதுதான்.

இதற்கிடையே சித்தப்பா, "மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லதாம்" என்று கோ-என்சைம் க்யூ10 மாத்திரை விளம்பரத்தை அனுப்பினார். அதை 600 நோயாளிகளிடம் சோதித்து, பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், 2014இல் முடிவும் வெளிவந்துவிட்டது என்றேன். "வாங்கிப் பார்த்தால் என்ன கெட்டுவிடும்?" என்கிறார். அடுத்த முறை அப்பாவையே பேசச் சொல்லப் போகிறேன்.