சூடானா படுத்துக்கிற டோசர்

பர்கூர் பக்கம் கல்குவாரியில ஒரு பழைய டோசர். காலையில மண்ணை அசால்ட்டா தள்ளுது. ஆயில் சூடேறினா ஏத்தத்துல நின்னுடுது. "கியர்பாக்ஸை இறக்கிடலாமாண்ணே?"ன்னான் நம்ம பையன். இருடா, முதல்ல பிரஷர் கேஜை மாட்டு!

இந்த கியர்பாக்ஸ்ல கிளட்சை அழுத்திப் பிடிக்கிறது ஆயில் பிரஷர்தான். ஒரு கியர்ல மட்டும் அது விழுந்தா அந்த கியரோட கிளட்ச் சீல் போயிருக்கும். இங்க நியூட்ரல்லயே கேஜ் முள்ளு இறங்குது. அப்போ ஆயில் பம்பு, இல்லேன்னா பிரஷர் அதிகமானா திறந்து விடுற ரிலீஃப் வால்வு. வால்வு சுத்தமா இருந்துச்சு. பம்பைப் பிரிச்சா உள்சுவர் முழுக்க கோடு கோடா கீறல், நகம் வெச்சா மாட்டுது. குளிர்ந்த ஆயில் கெட்டி, அதனால காலையில தப்பிச்சுது. சூடுல நீர்த்துப்போய் அந்தக் கீறல் வழியாவே ஒழுகிடுது.

ஃபில்டரை அறுத்துப் பாத்தோம், கிளட்ச் பிளேட் தேய்ஞ்சா வர்ற வெண்கலத் தூள் இல்ல. அப்போ பிளேட் பொழைச்சுது. ஓனருக்கு இப்பதான் மூச்சே வந்துச்சு. இந்த மாடலுக்கு பம்பு தேடி பெங்களூருக்கு அலையணும், அதான் கடுப்பு.