பஸ்ஸிலேயே ஸ்பிட்டி!

ஸ்பிட்டி போய்விட்டு வந்து அழுக்குத் துணிகூட இன்னும் துவைக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். கல்லூரி நாட்களில் ஒரு காலண்டரில் அங்கிருக்கும் கீ என்ற பௌத்த மடாலயத்தைப் பார்த்ததிலிருந்து மனதில் கிடந்த ஆசை இது. கையில் காசு சேரும்போதெல்லாம் வேறொரு செலவு வந்து நிற்கும். இந்த முறை எதுவானாலும் சரி என்று கிளம்பிவிட்டேன். சந்தோஷத்தில் பாதியும் கோபத்தில் பாதியுமாகத்தான் எழுதுகிறேன். கோபம் எதற்கு என்பது கடைசியில் வரும்.

இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போக இரண்டு வழி உண்டு. மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாகப் போகலாம், இல்லையென்றால் சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகப் போகலாம். நான் கின்னௌர் வழியைத்தான் எடுத்தேன், நீங்களும் அதையே எடுங்கள். கின்னௌரின் ரெகாங் பியோ (சுருக்கமாகப் பியோ) சுமார் 2,300 மீட்டர் உயரம், நாக்கோ 3,600 மீட்டர் சொச்சம், தாபோ அதைவிடக் கொஞ்சம் தாழ்வு, அப்புறம்தான் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஜா. ஒவ்வொரு ஊரிலும் தங்கித் தங்கிப் போனால் காற்று குறைவதற்கு உடம்பு தானே பழகிக்கொள்ளும். இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. முக்கியமாக, பஸ் இருக்கிறது. சுற்றுலா முகவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு மலைத்துப்போயிருந்த எனக்கு, பியோவிலிருந்து காஜாவுக்கு டிக்கெட் சில நூறு ரூபாய்தான் என்று தெரிந்ததும் பாதிக் கவலை போய்விட்டது.

சிம்லா வரை வழக்கமான பயணம்தான், விட்டுவிடுகிறேன். பியோவில் விடியுமுன்பே கவுன்டரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் கடைசி வரிசைதான். எனக்குக் கிடைத்தது பின்சக்கரத்துக்கு மேல் உள்ள சீட். ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. ஒரு மணி நேரத்தில் புருவம்வரை புழுதி. குழி வரும்போதெல்லாம் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. ஆனால் அந்த ஓட்டுநரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பக்கம் சட்லஜ் அதலபாதாளத்தில் ஓடுகிறது, தலைக்கு மேலே பாறையைக் குடைந்த சாலை, எதிரே ராணுவ லாரி. மனிதர் அலட்டிக்கொள்ளாமல் பின்னால் எடுத்து, ஒதுங்கி, வழிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லஜில் கலக்கிறது. அதைத் தாண்டியதும் மரம் மட்டை எதுவும் கிடையாது. மலை மஞ்சள், செம்மண், சாம்பல் என்று மாறிக்கொண்டே வருகிறது. பக்கத்து சீட் பெரியவர் தோளில் தட்டிக் காட்டியிராவிட்டால் ஆறுகள் கூடும் இடத்தை நான் தவறவிட்டிருப்பேன்.

நாக்கோவைத் தாண்டி மாலிங் ஓடை. எப்போதும் சரிந்துகொண்டே இருக்கும் மலைச்சரிவு அது. நடத்துனர் இறங்கி, வாயில் விசிலை வைத்துக்கொண்டு, சாலையைப் பார்க்காமல் மேலே சரிவையே பார்த்தபடி நின்றார். சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்துகொண்டிருந்தன. அவை நின்றதும் ஒரு நீள விசில். பஸ் ஒரே மூச்சில் கடந்தது. அதுவரை யாரும் பேசவில்லை.

தாபோவில் ஒரு நாளாவது தங்குங்கள். கி.பி. 996-இல் கட்டிய மடாலயம், வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண்சுவர்தான். உள்ளே கண் இருட்டுக்குப் பழகியதும், சுவரிலிருந்து சுதைச் சிற்பங்கள் நம்மை நோக்கி வருகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அவற்றுக்குக் கீழே சுவர் முழுக்க ஓவியம். 1975 நிலநடுக்கத்தில் சேதப்பட்ட இடம் இது, இருந்தும் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை, அது மிகவும் சரி. ஆளாளுக்கு செல்ஃபி எடுக்கிற இடமில்லை அது.

காஜாவில்தான் பர்ஸுக்கு அடி விழப் பார்த்தது. லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்ற மூன்று மலைக் கிராமங்களையும் சுற்றிவர ஒரு டாக்சிக்காரர் 5,000 ரூபாய் கேட்டார். 'பெட்ரோல் விலை, மோசமான ரோடு' என்று காரணம் வேறு. பத்தடி தள்ளி நிறுத்தத்திலேயே விலைப்பட்டியல் ஒட்டியிருக்கிறது, ஏறக்குறைய அதில் பாதிதான். அவரைக் கூட்டிப்போய்ப் பட்டியலைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அங்கேயே நின்ற இரண்டு வங்காள மாணவர்களோடு சேர்ந்து, பட்டியல் விலைக்கே வேறு வண்டி பிடித்தோம். ஆளுக்கு ஆயிரம்கூட ஆகவில்லை. முதலில் பட்டியலைப் பாருங்கள், பிறகு பேசுங்கள். ரொக்கமும் போதுமான அளவு கொண்டுபோங்கள், அங்கே ஏடிஎம்மை நம்ப முடியாது.

சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் ஹிக்கிம் அஞ்சலகம். 1983 முதல் இயங்குகிறது. வீட்டுக்கு ஒரு அட்டை போட்டேன். லாங்சாவில் மற்றவர்களை அனுப்பிவிட்டு நான் தங்கிவிட்டேன். அந்த ஊர் மண்ணில் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே டெத்திஸ் என்ற பழங்காலக் கடல் இருந்தது. சுருள் சுருளாக ஒரு புதைபடிவக் கல்லை ஒரு சிறுவன் உள்ளங்கையில் வைத்து நீட்டினான். நம் பெருமாள் கோயில்களில் பூஜிக்கும் சாளக்கிராமமும் இதே வகைப் புதைபடிவம்தான், அரியலூர்ப் பக்கமும் இதன் உறவுகள் கிடைக்கின்றன. கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தயவுசெய்து காசு கொடுத்து வாங்காதீர்கள். வருகிற ஒவ்வொருவரும் ஒன்று எடுத்துப் போனால் அங்கே என்ன மிஞ்சும்?

அன்றைய இரவுச் சாப்பாட்டுக்காகவே திரும்பப் போவேன். தங்கியிருந்த வீட்டு அம்மா மாவைப் பிசைந்து, பட்டையாக இழுத்து, கையாலேயே கிள்ளிக் கிள்ளிக் கொதிக்கும் சாற்றில் போட்டார். தெந்துக் என்கிறார்கள். அதில் வயலிலிருந்து அன்று பறித்த பச்சைப் பட்டாணி. ஸ்பிட்டிக்காரர்களுக்குப் பணம் தரும் பயிரே பட்டாணிதான். அப்படி ஒரு இனிப்பை நான் பட்டாணியில் கண்டதேயில்லை, உரிக்க உரிக்கப் பச்சையாகவே பாதி தின்றுவிட்டேன். வறட்டி எரியும் அடுப்பைச் சுற்றித்தான் மொத்தக் குடும்பமும். மூன்றாவது கிண்ணத்தையும் கேட்காமலே நிரப்பினார். படுக்கையும் இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து அவர் வாங்கியது, காஜாவில் அறைக்கு மட்டும் கேட்ட தொகையைவிடக் குறைவு.

கீ மடாலயத்தை மாலை பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். காலண்டர் படம் சின்னது, அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். திரும்பும்போது குன்சும் வழியாக மணாலிக்கு வந்தேன். வழியில் பாத்தல் என்ற இடத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது, எதிர்ப்பக்கம் வந்த டெம்போவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் இறங்கியது. பத்து வயதுப் பெண் குழந்தை சாலையோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

"அக்கா, நீங்க தமிழா? காலையிலதான் மணாலியிலிருந்து கிளம்பினோம். ராத்திரி சந்திரதால்ல டென்ட்டு" என்றார் அப்பா.

சந்திரதால் ஏரி 4,200 மீட்டருக்கு மேல். மணாலி 2,000 மீட்டர் சொச்சம். ஒரே பகலில் குழந்தையை அவ்வளவு உயரம் ஏற்றி, இரவு அங்கேயே தூங்க வைக்கிறார்கள். இதற்குப் பெயர் 'பேக்கேஜ்'. எத்தனையோ முகவர்கள் இதைத்தான் கூசாமல் விற்கிறார்கள். தலைவலியும் வாந்தியும் இருந்தால் மேலே ஏறவே கூடாது, இறங்குவதுதான் மருந்து என்று சொன்னேன். அவர் தயங்கினார். முழுப் பணமும் கட்டியாகிவிட்டதாம், திரும்ப வராது என்று ஓட்டுநரும் சொன்னார்.

அந்த அம்மா குழந்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பணம் போனா போகுது, வண்டியைத் திருப்பச் சொல்லுங்க" என்றார். திருப்பினார்கள்.