பின்னால் வரும் வண்டி

வண்டியின் கதவு மூடப் பார்த்து மூன்று முறை திறந்தது. யாரோ ஒருவருடைய முதுகுப்பை மட்டும் உள்ளே போகவே மாட்டேன் என்றது.

நான் ஏறவில்லை.

வீட்டுக்கு இரண்டு வழி. நேர் வண்டி 40 நிமிடம், நின்றபடி. சுற்று வழி 55, நடுவில் மாறணும், ஆனால் உட்காரலாம். தினமும் இதே பட்டிமன்றம்.

இன்று மூன்றாவது வழி: சும்மா நின்றேன்.

தாமதமான வண்டிக்குத்தான் கூட்டம் சேரும். கூட்டம் ஏறி இறங்குவதிலேயே இன்னும் தாமதமாகும். அதன் வாலைப் பிடித்தபடி வருவது பாதி காலியாக வரும். தெரிந்தும் முதல் வண்டிக்கே ஓடுவோம் (நேற்றுவரை நானும்தான்).

4 நிமிடத்தில் வந்தது. ஜன்னலோரம்!

செயலி மட்டும் 'வேகமான வழி' என்று முந்தைய வண்டியையே காட்டிக்கொண்டிருந்தது. அதுக்கென்ன, காலா வலிக்கப்போகுது?