டிவி நின்ற நேரத்தில் வந்த படம்

வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படத்தை வீட்டிலேயே பிடிக்கப் பார்க்கிறேன், இது மூன்றாவது சனிக்கிழமை. போன இரண்டு வாரமும் இரைச்சல்தான் மிச்சம். இன்று காலை ரஷ்யாவின் மீட்டியோர் எம்2-4 என்ற செயற்கைக்கோள் படம் கொடுத்துவிட்டது, அரைகுறையாக.

ஆண்டெனா பெரிய சமாச்சாரம் இல்லை. மலேசியாவில் எங்கள் பக்கத்து ஊரான சுங்கை சிப்புட் ஹார்ட்வேர் கடையில் வாங்கிய அலுமினியக் கம்பி இரண்டு, ஒவ்வொன்றும் 53.4 சென்டிமீட்டர். 120 பாகைக்கு 'வி' வடிவில் விரித்து, படுக்கைவாட்டில், வாய் தெற்கே பார்க்க பிவிசி குழாயில் கட்டியிருக்கிறேன். முதல் வாரம் நிமிர்த்தி வைத்துக் கெடுத்தேன். இரண்டாவது வாரத் தப்பைப் பிடிக்கத்தான் நாளானது: அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) எரிந்த எல்இடி விளக்கு! அதை அணைத்ததும் திரையில் பாதி இரைச்சல் காணோம்.

காலையில் தூறல் பிடித்து நல்ல மழையானது. இடி இல்லை, அதனால் கம்பியை எடுக்கவில்லை. 137.9 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளின் அலை திரையில் மேடாக எழும்பிய நேரம் உள்ளிருந்து அம்மா: "டேய், டிவி நின்னுபோச்சு! எல்லாம் உன் கம்பியாலதான்!"

என் கம்பி வாங்குமே தவிர எதையும் அனுப்பாது. மழைதான் காரணம். டிவி டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனத்த மழை அதை விழுங்கிவிடும். என் அலை 2.2 மீட்டர், மழையைச் சட்டையே செய்யாது. அம்மாவுக்கு விளக்கினேன். "சரி, நாடகத்தைப் போடு" என்றார்.

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எல்லா டிஷ்ஷும் அசையாமல் ஏறக்குறைய தலைக்கு மேலேயே பார்க்கும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம். டிவி செயற்கைக்கோள்களும் ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டரில், பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுகின்றன. மீட்டியோர் 820 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 100 நிமிடம் சொச்சம். அதன் பாதைகள் துருவத்தில் நெருங்கி, நம் பக்கம் அகன்றுபோகும். அதனால் ஒரு நாளில் தலைக்கு மேலே நல்லதாக இரண்டு தடவை வந்தாலே அதிகம். அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் இருந்தவரை தேர்ந்தெடுக்க நிறைய இருந்தது. 2025 ஆகஸ்டில் கடைசி இரண்டையும் அணைத்துவிட்டார்கள்.

படத்தில் அந்தமான் பக்கம் தெளிவு. எங்கள் தலைக்கு மேல் கொட்டிக்கொண்டிருந்த மேகமும் வெள்ளைத் திட்டாக விழுந்திருக்கிறது. சுமத்ராவுக்குக் கீழே கறுப்புக் கோடுகள்தான். தெற்கே செம்பனை வரிசை உயரமாக நிற்கிறது, அதுதான் அலையை மறைக்கிறது போல. அடுத்த சனிக்கிழமை கோயில் திடலில் வைத்துப் பார்க்கலாமா என்று தலைவரிடம் கேட்டிருக்கிறேன்.