ஒற்றப்பாலத்துல இருந்து மலப்புரத்துக்கு

மலையாளப் படம்னாலே ரியலிஸ்டிக்னு லாக்டவுன்ல ஓடிடி பாக்க ஆரம்பிச்ச நம்மாளுங்க எல்லாருமே சொல்றாங்க, தப்பில்ல, ஆனா அந்த ரியலிசம் எந்த ஊரு, யாரு வீட்டு ரியலிசம்னு கேக்கணும்னு எனக்குத் தோணும்.

தொண்ணூறுகள்ல வந்த பெரிய ஹிட்டுங்கள எடுத்துக்கோங்க. பாலக்காடு ஜில்லா ஒற்றப்பாலத்துக்கிட்ட வரிக்காசேரி மனைன்னு ஒரு பழைய நம்பூதிரி வீடு இருக்கு. 1993ல தேவாசுரம், 1997ல ஆறாம் தம்புரான் எல்லாம் அங்கதான் எடுத்தாங்க, ஹீரோ தம்புரான், அதாவது ஊர் பிரபு, பேசறது அந்தப் பக்கத்து வள்ளுவநாட்டு மலையாளம், ஊரே அவர சுத்தி நிக்கும். இத்தனைக்கும் நிலச்சீர்திருத்தம் 1970லயே அமலுக்கு வந்து ஜன்மின்னு சொல்ற பெரிய நிலக்காரங்க முறையே போயாச்சு, கூட்டுக்குடும்ப முறையையும் 1975ல சட்டம் போட்டு எடுத்துட்டாங்க. அடூர் கோபாலகிருஷ்ணன் 1981லயே எலிப்பத்தாயம் எடுத்து, அந்த மாதிரி ஒரு தறவாட்டுக்காரன், அதாவது பழைய பெரிய குடும்பத்துக்காரன், எப்படி எலி மாதிரி மாட்டிக்கிட்டு கிடக்கான்னு காட்டிட்டாரு. அப்பறமும் கமர்ஷியல் சினிமா அதே தம்புரான திருப்பி கூட்டிட்டு வந்து சிம்மாசனத்துல உக்கார வெச்சுதுங்கறது எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான்.

அப்ப மத்த ஊருக்காரங்க? திருவனந்தபுரம் ஸ்லாங் பேசினா பெரும்பாலும் காமெடி. மலப்புரத்து மாப்பிள முஸ்லிம்கள் பேச்சுன்னா காமெடி, இல்லன்னா அடியாள். ஆறாம் தம்புரான்ல மலப்புரத்துல பாம், அதான் வெடிகுண்டு, ஈஸியா கிடைக்கும்ங்கற மாதிரி ஒரு வசனமே வரும், அத கேட்டு தியேட்டர்ல உக்காந்திருந்த மலப்புரத்துக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதனாலதான் 2018ல வந்த சுடானி ஃப்ரம் நைஜீரியா எனக்கு அவ்வளவு பெரிய படம். டைரக்டர் சக்கரியா மலப்புரத்துக்காரர். அங்க செவன்ஸ் ஃபுட்பால்னா உயிரு, சைடுக்கு ஏழு பேரு, அறுவடை முடிஞ்ச வயல்ல தற்காலிகமா கேலரி கட்டி நைட்டு லைட் போட்டு ஆடுவாங்க, ஆப்பிரிக்கால இருந்து ப்ளேயர்ஸ காசு குடுத்து கூட்டிட்டு வருவாங்க. அப்படி வந்த ஒரு பையன் அடிபட்டு படுத்துடறான், ஆஸ்பத்திரி செலவுக்கு வழியில்லாம டீம் மேனேஜர் மஜீத் தன் வீட்டுக்கே தூக்கிட்டு வந்துடறான். மஜீத்தோட உம்மாவும் பக்கத்து வீட்டு பீயும்மாவும்தான் அவனப் பாத்துக்கறாங்க, அவனுக்கு மலையாளம் புரியாது இவங்களுக்கு இங்கிலீஷ் வராது, ஆனா ரெண்டு பேரும் தன் ஊட்டுப் பையன்கிட்ட பேசற மாதிரி நிறுத்தாம பேசிக்கிட்டே ஊட்டி விடுவாங்க. அவங்களா நடிச்ச சாவித்ரி ஸ்ரீதரனும் சரசா பாலுசேரியும் கோழிக்கோடு நாடக மேடைல வளந்தவங்க, அதான் ஒரு இடத்துலயும் நடிப்புன்னே தெரியல. ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்ட உம்மா மேல மஜீத்துக்கு கோவம், அந்த வாப்பா செக்யூரிட்டி வேல பாக்கறவரு, வீட்டுக்கு வந்தாலும் விருந்தாளி மாதிரி தயங்கித் தயங்கி நிப்பாரு. எனக்கு அங்கதான் கண்ணு கலங்குச்சு. பாம் பத்தி பேசறதுக்கு மட்டும் ஞாபகம் வந்த ஊருல இப்படி ஒரு கூச்சம் புடிச்ச வாப்பாவ காட்டறதுக்கு அந்த ஊருக்காரரே கேமராவோட வரவேண்டியிருந்துச்சு.

தமிழ் சப்டைட்டில்ல பாக்கறப்போ நமக்கு இதெல்லாம் ஒரே மலையாளமாத்தான் கேக்கும், முடிஞ்சா சப்டைட்டில ஆஃப் பண்ணிட்டு இன்னொருவாட்டி பாருங்க, பாதி புரியும், காது பழகிடும். கொச்சி பக்கம் செல்லானம் கடலோரத்து ஈ.மா.யவ், காசர்கோடு பேச்சுல வந்த ந்நா தான் கேஸ் கொடு, இடுக்கி மலையில மகேஷிண்டே பிரதிகாரம்னு ஒவ்வொரு ஜில்லாவும் தன் குரல்ல பேச ஆரம்பிச்சது இந்த பத்து வருஷத்துலதான்.

ஆனா எல்லாரும் உள்ள வந்தாச்சுன்னு சொல்ல மாட்டேன். மலையாளத்தோட முதல் ஹீரோயின் பி.கே. ரோஸி தலித் பொண்ணு, நாயர் பொண்ணா நடிச்சதுக்காக கல்லெறிஞ்சு ஊர விட்டே விரட்டினாங்க. அந்த முதல் படத்த எடுத்த ஜே.சி. டேனியல் நம்ம அகஸ்தீஸ்வரத்துக்காரர். எர்ணாகுளம் பெருசாகறப்போ நிலத்த இழந்த தலித் மக்கள பத்தி கம்மட்டிப்பாடம் வர்றதுக்கு 2016 ஆயிடுச்சு. பாலக்காடு ஜில்லாவுல ஆதிவாசிங்க இருக்கற அட்டப்பாடில இருந்து வந்த நஞ்சியம்மா, ஐயப்பனும் கோஷியும் படத்துல இருளர் பாஷைல பாடினதுக்கு 2022ல நேஷனல் அவார்டு அறிவிச்சாங்க, அந்தப் பாட்டு நமக்கு பாதிக்கு மேல தமிழாவே கேக்கும், அந்தப் படத்துலயும் ஹீரோ என்னவோ ஐயப்பன் நாயர்தான், ஆதிவாசி பொண்ணு கண்ணம்மா அவரு பொண்டாட்டியா வர்றாங்க. கண்ணம்மாவ நடுவுல வெச்சு அட்டப்பாடிக்காரங்களே எழுதி டைரக்ட் பண்ற ஒரு படம் வந்தா முதல் நாளே பாலக்காடு போய் பாத்துடுவேன்.