மொண்டெர்கியின் நிறைமாத மாதா

இத்தாலியில் மொண்டெர்கி என்று ஒரு சின்ன மலையூர். ஓவியர் பியரோ தெல்லா பிரான்செஸ்காவுக்கு அது அம்மா ஊர். 15ஆம் நூற்றாண்டில், ஊருக்கு வெளியே இருந்த தேவாலயச் சுவரில் நிறைமாத மரியாளை வரைந்தார்.

நேற்று ராத்திரி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலக் கவுனின் முன்பக்கம் வயிறு இடங்கொடுக்காமல் பிரிந்திருக்கிறது. ஒரு கை அந்தப் பிளவின்மேல், இன்னொன்று இடுப்பில். நம் வீட்டு மாசமான பெண்கள் நிற்கிற அதே நிற்பு! கூடாரத் திரையை விலக்கும் தேவதூதர்கள் இருவரும் ஒரே வரைபடம்தான். திருப்பிப் போட்டு, நிறத்தை மாற்றிவிட்டார். கெட்டிக்காரர்.

1785இல் கல்லறைத் தோட்டத்துக்காகத் தேவாலயத்தில் பெரும்பகுதியை இடித்தார்கள். ஓவியம் தப்பியது. இப்போது இருப்பது பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், கண்ணாடிக்குப் பின்னால். எனக்கென்னவோ அந்தக் கண்ணாடி பிடிக்கவில்லை.